அரங்குக் கதவு

கொடியில் கிடந்த துணிகள் தப்பான பக்கமாகப் பறந்துகொண்டிருந்தன.

ஆடி மாதம் பாளையங்கோட்டையில் துணி எந்தப் பக்கம் பறக்கும் என்று கெசியா டீச்சரைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவாள். மேற்கே மலையிலிருந்து இறங்குகிற காற்று, சாரலின் ஈரத்தையும் வயற்காட்டுச் சேற்று வாடையையும் சுமந்துகொண்டு ஆற்றைத் தாண்டி வந்து, மகள் கரோலினின் பள்ளிக்கூடப் பாவாடையைப் பிடுங்கிக் கிழக்கே பால்காரி பேச்சித்தாய் வீட்டு எருமைத் தொழுவில் போட்டுவிடும். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ஆடிக்காற்றோடு அவளுக்கு இதே மல்லுக்கட்டுதான். இன்றைக்கோ பாவாடை, துண்டு, தலையணை உறை எல்லாம் வடக்கே பார்த்துச் சாய்ந்து நின்றன. காற்றில் ஈரம் இல்லை. பக்கத்தில் யாரோ நின்று மூச்சு விடுவதுபோல் வெதுவெதுவென்று இருந்தது. தொழுவில் எருமைகள் இரண்டும் தீவனத்தில் வாய் வைக்காமல் நின்றன.

தெற்கே கடல். கடலோரத்தில் அணு உலை.

முன்பெல்லாம் தெற்கத்திக் காற்று வீசினால் மொட்டைமாடியில் பாயை விரித்து நிம்மதியாகத் தூங்கியவள்தான் அவள். அதே காற்றைக் கண்டால் இப்போது பயம். அப்படிப் பயப்படக் கற்றுக்கொடுத்தவன் அவள் கணவன் ஹெப்ரான்.

ஹெப்ரான் கடலோரத் தாலுகா அலுவலகம் ஒன்றில் எழுத்தர். பயந்தாங்கொள்ளி என்று அவனை யாரும் சொல்லிவிட முடியாது. ஆற்று வெள்ளம் தெருமுனைக்கு வந்தபோதுகூடக் கட்டிலில் சம்மணமிட்டு முறுக்குத் தின்றுகொண்டிருந்த ஆள். போன வருஷம் உலைக்குப் பக்கத்து ஊர் ஒன்றில் அவசரகால ஒத்திகை நடந்தது, ஹெப்ரானுக்கும் அங்கே வேலை. சைரன் ஊதினார்கள். ஜனங்களை வீட்டைப் பூட்டிக்கொண்டு உள்ளே இருக்கச் சொன்னார்கள். பிறகு பஸ்ஸில் ஏற்றி ஒரு கல்யாண மண்டபத்தில் இறக்கி, தயிர்சாதப் பொட்டலம் கொடுத்து, திரும்பக் கொண்டுவந்து விட்டார்கள். பஸ்ஸிலிருந்து இறங்கும்போது மீன் விற்கிற பெண் ஒருத்தி அவனைப் பார்த்து, "சார், நெசத்துக்கு வந்தா நீங்க வருவியளா?" என்று கேட்டாளாம். வருவேன் என்று சொல்லியிருக்கிறான். அன்று ராத்திரி சாப்பிடாமல் படுத்தவன், "பொய் சொல்லிட்டேன் கெசியா. நான் போவ மாட்டேன். இங்கனதான் ஓடி வருவேன்" என்றான். அவன் பயந்து அவள் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அதற்கு மேல் அந்த அட்டை வேறு வந்து சேர்ந்தது.

புத்தாண்டு ஆராதனை முடிந்ததும் கோயிலில் வாக்குத்தத்த அட்டைகளைத் தட்டில் கவிழ்த்து வைத்திருப்பார்கள். ஆளுக்கொன்று எடுக்க வேண்டும். கையில் வருகிற வசனம்தான் அந்த வருஷத்துக்கு ஆண்டவர் உனக்குச் சொல்வது. கெசியா எடுத்ததை ஓரமாகத் திருப்பிப் பார்த்தாள். அறைக்குள் போ, கதவைப் பூட்டிக்கொள், கோபம் கடந்து போகும் வரை ஒளிந்திரு என்கிற கருத்தில் இருந்தது. ஊரில் எல்லோருக்கும் சமாதானமும் ஆசீர்வாதமும் வரும்போது நமக்கு மட்டும் ஏன் இந்தக் கண்றாவி என்று, யாரும் பார்க்காத நேரத்தில் அதைத் தட்டிலேயே கவிழ்த்துவிட்டு வேறொன்றை எடுத்துக்கொண்டாள். அவளுக்குப் பின்னால் நின்ற ஹெப்ரானின் கை, அவள் போட்ட அட்டைக்கே நேராகப் போயிற்று. படித்துவிட்டு வெகுநேரம் நின்றான். "கர்த்தர் பேசிட்டாரு" என்றான். உங்களுக்கு இல்லை, அது எனக்கு வந்தது என்று சொல்ல அவளுக்கு வாய் எழவில்லை. அதைச் சொல்லாமல் விட்ட குறுகுறுப்பில்தான், அதன் பிறகு அவன் செய்த எதற்கும் குறுக்கே நிற்க முடியாமல் போயிற்று.

அவர்களுடையது பழைய வீடு. நடுவில் அரங்கு என்று ஓர் அறை, நெல்லும் நகையும் பத்திரமாக இருக்க அந்தக் காலத்தில் கட்டியது. நாலு பக்கமும் தடித்த சுவர், சன்னல் கிடையாது. ஹெப்ரான் அங்கே தண்ணீர் டிரம் வைத்தான். அவல், பொரிகடலை, உடன்குடிக் கருப்பட்டி, அயோடின் மாத்திரை, மூடி போட்ட வாளி, டார்ச், ஒரு ரேடியோ. தடித்த பலகையில் புதுக் கதவு இழைத்து மாட்டி, விளிம்பைச் சுற்றி ரப்பர் பட்டை ஒட்டி, உள்பக்கம் மேலேயும் கீழேயும் தாழ்ப்பாள் போட்டான். வெளிப்பக்கக் கைப்பிடியை மட்டும் கழற்றி எடுத்துவிட்டான்.

"அதுக்கு நெறம் கெடையாது, மணம் கெடையாது, சத்தம் கெடையாது" என்று, பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பதுபோல் அவன் சொல்வான். "மனுசன் மேல ஒட்டிக்கிட்டு வரும். நமக்கு வேண்டியவன் மேலயே ஒட்டிக்கிட்டு வரும். அதனால அடைச்ச கதவு அடைச்சதுதான். ரேடியோல சொன்னாத்தான் தெறக்கணும். வேற யாரு கூப்பிட்டாலும் தெறக்கக்கூடாது. நான் கூப்பிட்டாலும்."

சனிக்கிழமைதோறும் ஒத்திகை. கெசியாவும் கரோலினும் உள்ளே, ஹெப்ரான் வெளியே. சோதித்துப் பார்ப்பதற்காக அவன் குரல் மாற்றிக் கூப்பிடுவான். பேச்சித்தாய் மாதிரி, பள்ளிக்கூட வேன் டிரைவர் மாதிரி. கெசியாவுக்குச் சிரிப்பை அடக்க முடியாது. ஒருநாள் தன் சொந்தக் குரலில், "எல்லாம் முடிஞ்சிட்டுட்டி, வெளிய வா, ஐஸ் வாங்கியாந்திருக்கேன்" என்றான். கரோலின் துள்ளிப் போய்த் திறந்துவிட்டாள். அவன் திட்டவில்லை, அடிக்கவில்லை. கூடத்தில் அவளைப் படுக்கவைத்து, தலையோடு வெள்ளைப் போர்வையால் மூடி, "கரோலின் செத்துட்டா" என்றான். போர்வைக்கு மேலே நின்று மாலை ஜெபத்தை நடத்தினான். விளையாட்டு என்று நினைத்துக் கொஞ்ச நேரம் குலுங்கிய போர்வை பிறகு அசையவில்லை. ராத்திரி சாப்பாட்டுக்குத்தான் எடுத்தான். அன்றிலிருந்து அந்தப் பிள்ளை சிரிப்பது குறைந்துபோயிற்று. ஒன்பது வயதுப் பிள்ளை, விளையாடும்போதுகூடக் கதவைச் சாத்திவிட்டுத்தான் விளையாடும்.

இன்றைக்கும் சனிக்கிழமைதான். ஆனால் காலையிலேயே, அவசரக் கூட்டம் என்று அலுவலகத்திலிருந்து கூப்பிட்டு ஹெப்ரான் போய்விட்டான்.

கெசியா கொடியடியில் நின்று துணிகளைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது கைப்பேசி அடித்தது. எடுத்தாள். மறுமுனையில் நிறைய வண்டிகளின் ஹாரன், ஒன்றின் மேல் ஒன்றாக. அதற்கு நடுவே ஹெப்ரான்.

"கெசியா, உள்ள போ. பிள்ளையக் கூட்டிக்கிட்டு உள்ள போ. இது ஒத்திகை இல்ல."

"ஏங்க, என்னாச்சு? நீங்க எங்க…"

"நான் வந்துக்கிட்டு இருக்கேன். நீ அடைச்சிரு. எனக்காவக் காத்துக்கிட்டு நிக்காத."

இணைப்பு அறுந்தது. திரும்ப அடித்தாள். எந்தச் சத்தமும் இல்லை. வீட்டுக்குள் மின்விசிறி சுற்றிச் சுற்றி ஓய்ந்து நின்றது. கரண்டும் போய்விட்டது.

கரோலினைக் கூப்பிட வேண்டியிருக்கவில்லை. அவள் ஏற்கனவே அரங்கு வாசலில், செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு நின்றுகொண்டிருந்தாள்.

கதவை அடைத்தாள். மேல் தாழ்ப்பாள், கீழ்த் தாழ்ப்பாள். நனைத்த துண்டைக் கதவின் அடியில் சுருட்டி வைத்தாள். விளிம்பு முழுக்க டேப். எல்லாம் டார்ச் வெளிச்சத்தில் கைகளே தானாகச் செய்தன. மாத்திரையைக் கரோலினின் நாக்கில் வைத்துத் தண்ணீர் கொடுத்தாள். ரேடியோவைத் திருகினாள். பழைய ஒத்திகைகளில் விவசாயிகளுக்கான நிகழ்ச்சியும் பாட்டும் கேட்ட இடத்தில் இப்போது இரைச்சல் மட்டும் கேட்டது, மணலைச் சல்லடையில் சலிப்பதுபோல. முள்ளை ஓர் எல்லையிலிருந்து மறு எல்லை வரை நகர்த்தினாள். எங்கும் அதே இரைச்சல். பேட்டரியை மிச்சம் பிடிக்க அணைத்தாள். டார்ச்சையும் அணைத்தாள்.

இருட்டு கண்ணுக்குப் பழகவே இல்லை. பழகுவதற்கு ஒரு பொட்டு வெளிச்சமாவது வேண்டுமே. ரப்பரின் வாடை, கருப்பட்டியின் வாடை, அடிச்சுவரில் எந்தக் காலத்திலோ கொட்டிக் கிடந்த நெல்லின் மக்கிய வாடை, பிள்ளையின் தலையெண்ணெய் எல்லாம் கலந்து மூக்கில் உட்கார்ந்தன. வெளிச் சத்தங்களை அந்தச் சுவர்கள் பாதிக்கு மேல் தின்றுவிடும். மிஞ்சியது கஞ்சி மாதிரி குழைந்து வரும். தெருவில் ஒரு வண்டி போனது. நாய் ஒன்று தொடர்ந்து குரைத்தது, பிறகு நாயும் ஓய்ந்தது. ஹெப்ரான் எங்கே வந்துகொண்டிருப்பான் என்று மனதுக்குள் ரோட்டைப் பிடித்துக்கொண்டு வந்தாள். வந்தாலும் அவனை உள்ளே விடக்கூடாது என்பது நினைவுக்கு வந்தபோது பாதி ரோட்டில் நிறுத்திக்கொண்டாள்.

கொஞ்ச நேரத்தில் புறவாசல் பக்கம் செருப்புச் சத்தம். பூட்ட மறந்திருக்கிறாள்.

"டீச்சர்! பாலு!"

பேச்சித்தாய். கெசியாவுக்கு உடம்பு தூக்கிப்போட்டது. கரோலினின் கை வந்து அவள் வாயைப் பொத்தியது. சின்னக் கை, சில்லென்று இருந்தது.

"எங்க போனிய? வீடு தெறந்து கெடக்கு. கொடில துணியப் போட்டது போட்டபடி கெடக்கே. மேல என்னமோ மாவு கணக்கா ஒட்டிக் கெடக்கு டீச்சர், தட்டுனா போவ மாட்டேங்கு. எடுத்து உள்ள போடுதேன்."

மாவு. அதற்கு நிறம் கிடையாதே, கண்ணுக்குத் தெரியாதே. அப்படியென்றால் இது அது இல்லை. கல் குவாரித் தூசியாக இருக்கும். கெசியா இந்த நினைப்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். அரங்கு வாசலுக்கு வெளியே துணிகளைத் தொப்பென்று போடுகிற சத்தம் கேட்டது.

"கையெல்லாம் அரிக்கி" என்று பேச்சித்தாய் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஒரு இருமல். "டீச்சர்? உள்ளயா இருக்கிய?"

கதவில் விரல் தட்டியது. ஒரு சொல் சொன்னால் போதும். ஓடிப் போய்க் குளி, உன் வீட்டுக் கதவை அடை என்று ஒரு சொல். கெசியா வாயைத் திறந்தாள், பிள்ளையின் கை இன்னும் அழுத்தியது. பேச்சித்தாய் கொஞ்சம் நின்றாள். பிறகு செருப்பு இழுபட்டு இழுபட்டுப் போனது. எட்டு வருஷம் பால் ஊற்றிய மனுஷி. கெசியாவுக்குத் தன்னை நினைத்தே அருவருப்பாக இருந்தது.

"சத்தம் போடாம நல்லா இருந்தியம்மா" என்றாள் கரோலின், காதோரத்தில்.

சாயங்காலம் ஆகியிருக்கும் என்று பசி சொன்னது. அவலைக் கருப்பட்டியோடு பிசைந்து ஊட்டினாள். பிள்ளை இரண்டு வாய்க்கு மேல் வாங்கவில்லை. மூச்சு விடுவது கொஞ்சம் பாரமாகத் தொடங்கியிருந்தது. ஒன்றும் தோன்றாமல், "ஜெபம் பண்ணுவோமாட்டி?" என்றாள் கெசியா. அந்த வீட்டில் ஒருநாளும் மாலை ஜெபம் தவறியது கிடையாது. ஆளுக்கொரு வசனம் சொல்ல வேண்டும், அம்மா ஜெபிக்க வேண்டும், எல்லோரும் சேர்ந்து பரமண்டல ஜெபம் சொல்ல வேண்டும். கடைசி ஆமென் எப்போதும் ஹெப்ரானுடையது. தொண்டையைச் செருமிவிட்டு, எல்லோரும் முடித்த பிறகு, தனியாக இழுத்துச் சொல்வான். பிறகு பிள்ளையின் தலையில் கை வைப்பான்.

முழங்காலிட்டார்கள். கெசியா ஜெபித்தாள். அழுகை இடையிடையே வந்து சொற்களை விழுங்கியது. அவரைப் பத்திரமா கொண்டுவாங்க, இல்ல, அவரை வேறெங்கேயாவது பத்திரமா வைங்க, என்ன கேட்கிறதுன்னே தெரியல ஆண்டவரே என்று உள்ளதைச் சொன்னாள். இருவரும் சேர்ந்து பரமண்டல ஜெபத்தை முடித்தார்கள்.

"ஆமென்" என்றாள் கெசியா.

"ஆமென்" என்றாள் கரோலின்.

தொண்டையைச் செருமும் சத்தம். "ஆ…மென்."

கெசியா அசையவில்லை. கதவுக்கு வெளியிலிருந்து வந்திருக்கும். வெளியிலிருந்துதான். வெளியிலிருந்து வரும் சத்தம் குழைந்து வருமே. இது குழையவில்லை. தண்ணீர் டிரம் இருக்கும் மூலையிலிருந்து, பக்கத்தில், ஈரமாக வந்தது.

"கரோலின், நீயாட்டி சொன்ன?"

"நீங்கதான சொன்னிய."

"ரெண்டாவது."

"அம்மா, தலைல கை வச்சது நீங்களா?" என்றாள் கரோலின்.

கெசியாவின் கைகள் இரண்டும் அவளுடைய மடியிலேயே கோத்துக் கிடந்தன.

டார்ச்சைத் தேடினாள். தரையைத் துழாவினாள். அவல் பொட்டலம், வாளி, ரேடியோ. டார்ச் இல்லை. வைத்த இடத்தில் இல்லை. காற்று குறைந்தால் மூளை இப்படித்தான் வேலை காட்டும் என்று ஹெப்ரான் சொல்லியிருக்கிறான், இல்லாதது கேட்கும், இல்லாதது தெரியும் என்று. அதுதான் இது. பிள்ளையை இழுத்து அணைத்துக்கொண்டு கதவில் சாய்ந்தாள். மூச்சை எண்ணக்கூடாது என்று நினைத்தாள். ஆனால் காது கேட்டுக்கொண்டேதான் இருந்தது. தன்னுடைய மூச்சு வேகமாக, மேலாக. பிள்ளையுடையது மெல்லிசாக. அதற்கும் அடியில், பெரிய மார்பிலிருந்து வருகிற மாதிரி, நிதானமாக ஒன்று.

அப்போதுதான் முன்வாசலில் பைக் வந்து நின்றது.

அந்தப் பைக்கின் சத்தம் அவளுக்குத் தெரியும். ஸ்டாண்டு போடும் முனகலும் தெரியும். ஓடி வருகிற கால், கூடத்தில் எதிலோ இடறி, அரங்குக் கதவில் வந்து மோதியது.

"கெசியா! கெசியா, நாந்தான்! தெற!"

அழுகையும் நிம்மதியுமாக அவளுக்கு என்னவோ பொங்கியது. வாயைத் திறந்தாள். அவளுக்குள் ஊறிப்போன ஒத்திகை வாயை மூடியது.

"ஒண்ணும் இல்லட்டி. எவனோ கெளப்பிவிட்ட புரளி. ரோடு பூரா சனம், வண்டி. இப்ப எல்லாவனும் திரும்பிப் போவுதான். தெறளா, தெறந்து காத்த வாங்கு. எவ்வளவு நேரமா உள்ள இருக்கிய!"

"தெறக்காதியம்மா" என்றாள் கரோலின்.

"அப்பாதாம்ட்டி அது."

"அப்பிடித்தான் சொல்லுவாவ. அன்னைக்கும் அப்பிடித்தான் சொன்னாவ."

வெளியே ஹெப்ரானின் குரல் உடைந்தது. "கெசியா, நான் சொன்னதெல்லாம் விட்டுரு. நான் ஒரு கிறுக்கன். பிள்ளையக் கொல்லப் பாத்தேனே. கேக்குதா? உள்ள காத்து பத்தாது. நான் கணக்குப் போட்டது தப்பு. தப்புன்னு எனக்கு முன்னயே தெரியும். தெற."

இப்படி அவன் எந்த ஒத்திகையிலும் பேசியது இல்லை. தன் கணக்குத் தப்பு என்று அவன் வாயால் ஒருநாளும் சொன்னதில்லை. கெசியா எழுந்தாள். மேல் தாழ்ப்பாளைக் கையால் தேடிப் பிடித்தாள். டேப்பைப் பிய்த்தாள். தாழ்ப்பாள் பாதி இறங்கியது.

பின்னால் தொண்டையைச் செருமும் சத்தம்.

"தெறக்காத" என்றான் ஹெப்ரான்.

உள்ளேயிருந்து. நிதானமாக. கணக்குச் சொல்லிக்கொடுக்கிற குரலில்.

கெசியாவின் கை தாழ்ப்பாளில் உறைந்தது. கதவுக்கு வெளியே அழுகை நின்றுவிட்டது. பிறகு, மரத்தோடு வாயை ஒட்டிவைத்துப் பேசுவதுபோல், மிக மெதுவாக:

"கெசியா… உள்ள யாரு?"

அவள் தாழ்ப்பாளிலிருந்து கையை எடுத்தாள்.

"உள்ள யாரு பேசுதா? அது என் சத்தம்லா?"

"வெளிய நிக்கவன் செத்துட்டான்" என்றது உள்ளே இருந்த குரல். "செத்தவன் இப்பிடித்தான் பேசுவான். காது குடுக்காத."

கதவு அதிர்ந்தது. ஹெப்ரான் தோளால் இடிக்கிறான். அவனே போட்ட கதவு, அவனே தடித்த பலகையாகப் பார்த்து வாங்கி இழைத்த கதவு. "பிள்ளையத் தூக்கு! கெசியா! பிள்ளையத் தூக்கிட்டு வா!"

பிள்ளை. கெசியா திரும்பிக் குனிந்து துழாவினாள். கரோலின் காலடியில் இல்லை. பாயில் இல்லை. டிரம்முக்குப் பக்கத்தில் இல்லை. காலில் எதுவோ உருண்டது. டார்ச். எடுத்து அழுத்தினாள். மங்கலான மஞ்சள் வெளிச்சம் டிரம்மில் விழுந்தது, சுவரில் விழுந்தது, கருப்பட்டிப் பெட்டியில் விழுந்தது. அந்த அறையில் வேறு யாரும் இல்லை. ஒரு ஆண் ஒளிந்துகொள்ள அங்கே இடமும் இல்லை.

வெளிச்சத்தைக் கதவுக்குத் திருப்பினாள்.

கரோலின் கதவில் முதுகை ஒட்டி நின்றாள். அவளைத் தாண்டி அங்கே எப்படிப் போனாள்? பாதி இறங்கிய மேல் தாழ்ப்பாள் மறுபடி முழுதாக ஏறியிருந்தது. பிள்ளைக்கு எட்டாத உயரம் அது. கண்கள் மூடியிருந்தன. முகம் அமைதியாக இருந்தது. உதடுகள் அசைந்தன.

"டார்ச்ச அணை" என்றான் ஹெப்ரான், அந்த உதடுகளிலிருந்து. "பேட்டரி வீணாவுது."

"கரோலின்" என்றாள் கெசியா. "கரோலின், யம்மா, என் தங்கம்."

பாய்ந்து பிள்ளையின் தோளைப் பிடித்து இழுத்தாள். நகரவில்லை. பாவாடை நழுவாமல் இருக்க இடுப்பில் ஊக்கு குத்த வேண்டிய அளவுக்கு மெலிந்த பிள்ளை. இரண்டு கையாலும் இழுத்தாள். காலைச் சுவரில் ஊன்றி இழுத்தாள். சுவரில் பதித்த தூண்போல் நின்றாள் கரோலின். கதவின் அந்தப் பக்கம் ஹெப்ரான் அலறிக்கொண்டிருந்தான். இந்தப் பக்கம், அவள் பெற்ற பிள்ளையின் வாயிலிருந்து ஹெப்ரான் மூச்சு விட்டான்.

வெளியே இருமல் ஆரம்பித்தது. முதலில் ஒன்று. பிறகு அடுக்கடுக்காக. இடிப்பது குறைந்தது. அவன் கதவை ஒட்டிச் சறுக்கி உட்காருவது மரத்தில் கேட்டது.

"கெசியா, அந்தத் துணியெல்லாம் யாரு இங்கன போட்டா?" என்றான். "கையெல்லாம்…"

இருமிக்கொண்டே கதவு விளிம்பை நகத்தால் பிறாண்டத் தொடங்கினான்.

அப்படியென்றால் புரளி இல்லையா? அவனும் அறியாமல்தான் சொன்னானா? திறந்தால் சாவு. திறக்காவிட்டாலும் சாவு. கெசியாவுக்கு நெஞ்சு முட்டியது. காற்று இல்லை. கதவடியில் பிள்ளையின் காலடியிலேயே உட்கார்ந்தாள். டார்ச்சின் வெளிச்சம் சிவந்து, நூலாகி, அணைந்தது.

இருட்டில் அந்தச் சின்னக் கை வந்தது. அவள் கன்னத்தைத் தடவியது, கண்ணீரைத் துடைத்தது. தன் பிள்ளையின் கைதான். விரலில் அவல் பிசுபிசுப்பு இன்னும் இருந்தது. அந்தக் கையை விடவும் முடியாமல், பிடிக்கவும் முடியாமல் கெசியா உட்கார்ந்திருந்தாள்.

"அழாத கெசியா" என்றான் ஹெப்ரான், தலைக்கு மேலே, அன்பாக. "பழகிரும்."

கதவுக்கு அந்தப் பக்கம், ரப்பர் பட்டையை நகத்தால் பைய பைய பிறாண்டுகிற சத்தம் இன்னும் நிற்கவில்லை.